பண்ணைக்கு வெளியே வரும் உமிழ்வு: கண்டங்களை எப்படி ஒப்பிடுவது?

அட்டவணைப்பெண்:
வணக்கம். முதுகலைத் திட்டவேலைக்காக உணவு சார்ந்த பசுங்குடில் வாயு உமிழ்வைக் கண்டம் வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, 2019இல் உலக மொத்தம் 1,650 கோடி டன். பண்ணைக்குள் 720 கோடி, காடழிப்பு போன்ற நில மாற்றத்தில் 350 கோடி. மீதி 580 கோடி உர ஆலையில் தொடங்கி பேக்கேஜிங், லாரி, கடை, வீட்டு அடுப்பு, குப்பைக் கிடங்கு வரை.

சிக்கல் இந்த 580 கோடியில்தான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உணவு உமிழ்வில் ஏறக்குறைய பாதி இப்படிப் பண்ணைக்கு வெளியே வருகிறது. ஆப்பிரிக்காவில் சிறு பங்குதான். "அப்படியானால் ஆப்பிரிக்கா இதில் முன்னால் இருக்கிறது" என்று வழிகாட்டி அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாளாக அந்த ஒரு சொல் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கப்பல், விமானத்தில் உணவு போவதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணமா?

கணக்கர்:
முதலில் அந்தச் சதவீதத்தை ஓரமாக வையுங்கள். ஒரு பிராந்தியத்தில் காடழிப்பு 40, பண்ணை 40, வெளியே 20 என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். காடழிப்பு 10ஆகக் குறைகிறது, மற்ற எதுவும் மாறவில்லை. மொத்தம் 70 ஆகிவிடும். அதே 20இன் பங்கு 20%இலிருந்து கிட்டத்தட்ட 29%க்கு ஏறிவிடும். நல்லது நடந்திருக்கிறது, ஆனால் உங்கள் அட்டவணையில் கெட்டதாகத் தெரியும். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் நில மாற்றத்தின் பங்கு பெரிது. அது மற்ற எல்லாவற்றையும் சிறியதாகக் காட்டுகிறது. அதனால் தலைக்கு எத்தனை கிலோ என்று போடுங்கள்.

கப்பல் விஷயம்: ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தினர் 2021இல் வெளியிட்ட கணக்கில், போக்குவரத்து முழுவதும் சேர்ந்தே உணவு உமிழ்வில் 5%க்குக் கொஞ்சம் குறைவு. பேக்கேஜிங் அதைவிடச் சற்று அதிகம்.

அப்புறம், விறகும் மரக்கரியும். அவை எரியும்போது வரும் கரியமில வாயுவை எரிசக்திக் கணக்கின் மொத்தத்தில் சேர்ப்பதில்லை, மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே சேரும். எரிவாயு அடுப்பு எரிகிற வீடு முழுதாகப் பதிவாகும், விறகடுப்பு எரிகிற வீடு பாதி மறைந்துவிடும். இதை அடிக்குறிப்பிலாவது சொல்லுங்கள். மூன்று கல் அடுப்பு முன்னால் இருமிக்கொண்டு சமைப்பவரை "குறைந்த உமிழ்வு" என்று பாராட்டுவது எனக்குப் பொறுக்காது.

குளிர்ப்பெட்டி:
கடைகளிலும் கிடங்குகளிலும் குளிர்பதன வேலை பார்க்கிறேன், 19 வருடமாக. என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

பெரிய கடையின் பின்னறையில் கம்ப்ரஸர் வரிசையாக நிற்கும். அங்கிருந்து குழாய்கள் கடை முழுக்க ஓடும், நூற்றுக்கணக்கான இணைப்புகள். கசிவு கண்ணுக்குத் தெரியாது. இணைப்பில் தூசி படிந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன், ஏனென்றால் குளிரூட்டும் கேஸோடு எண்ணெயும் வெளியே வரும். சோப்பு நுரை தடவினால் சின்னக் குமிழ் மெதுவாக உப்பும். அவ்வளவுதான் தெரியும். ஆனால் ஆர்-404ஏ என்ற வகைக் கேஸ் ஒரு கிலோ கசிந்தால் அது 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 10 கிலோ நிரப்பிவிட்டு வந்தேன் என்றால், 39 டன் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல் புதிய கடைக் குளிர்பதனக் கருவிகளில் இந்த வகைக் கேஸுக்குப் பெரும்பாலும் தடை. கரியமில வாயுவையே குளிரூட்டியாக ஓட்டும் அமைப்புகள் அங்கே பரவலாகிவிட்டன. கரண்டாலும் கணக்கு மாறும். ஒரே பெட்டி அணுமின்சாரம் அதிகமுள்ள பிரான்ஸில் ஓடுவதும், நிலக்கரி அதிகமுள்ள போலந்தில் ஓடுவதும் ஒன்றில்லை. இரண்டும் ஒரே கண்டம்! உங்கள் "ஐரோப்பா" வரிசையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள், தங்கச்சி.

அட்டவணைப்பெண்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவே அட்டவணையில் தலைக்கு எவ்வளவு என்ற நெடுவரிசையைச் சேர்த்துவிட்டேன். படமே மாறிவிட்டது. கேஸ் கசிவுக்குத் தனி வரிசை போடுகிறேன், அண்ணா.

ஒரே ஒரு சந்தேகம். குளிர்வசதி இல்லாமல் கெட்டுப்போகும் பால் எந்த வரிசையில் வரும்?

கணக்கர்:
பெரும்பகுதி பண்ணை வரிசையில். மாடு விட்ட மீத்தேன், தீவனப் பயிருக்குப் போட்ட உரம் மண்ணில் விடும் வாயு எல்லாம் அங்கே ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. பால் வயிற்றுக்குப் போனாலும் மண்ணில் கொட்டினாலும் அந்த எண் மாறாது. குளிர்பெட்டி வந்தால் வெளியே உள்ள எண் ஏறும், குடிக்கும் ஒரு லிட்டருக்கான பண்ணை உமிழ்வு இறங்கும். அதனால் இன்னொரு நெடுவரிசை தேவை: உண்மையில் சாப்பிட்ட உணவின் கிலோவுக்கு எவ்வளவு. அறுவடைக்குப் பின், சில்லறைக் கடைக்கு வருமுன் உலக உணவில் சுமார் 14% இழப்பு என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2019இல் கணித்தது. அதைப் பிராந்திய வாரியாகவும் கொடுத்திருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.