பிரான்மலைப் பக்கம் ஓடும்போது எதிரே வந்தவை

காரைக்குடியிலிருந்து:

செட்டிநாட்டில் மேடு ஏறி ஓட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பிரான்மலைதான் என் பதில். தேசியப் பூங்கா எதுவும் நம் பக்கம் கிடையாது. அடிவாரத்தைச் சுற்றிப் போகும் மாட்டுத்தடமும் ஒற்றையடிப் பாதையும்தான் எங்கள் களம். கொஞ்ச தூரம் செம்மண், அப்புறம் சரளை, அப்புறம் காலை வாரிவிடும் பாறை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூ என்றாலும் சீமைக்கருவேல முள்ளுக்கு அக்கறையில்லை, அடியைத் துளைத்துவிடும்.

தை மாதம், சரியாக விடியாத நேரம். முன்னால் ஓடிய நண்பர் ஒரு வளைவில் சட்டென்று நின்றார். புதரோரம் கறுப்பாக ஒன்று. யாரோ அவிழ்த்துவிட்ட எருமை என்றுதான் நினைத்தேன். முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டது போல் வெள்ளை தெரிந்ததும் வயிறு கலங்கிவிட்டது. காட்டுமாடு! அதுவும் தனியாக நிற்கும் காளை. நன்கு வளர்ந்தது ஒரு டன் எடை வரை வரும். புஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டு, பக்கவாட்டில் திரும்பி உடம்பு முழுவதையும் காட்டி நின்றது. நான் எவ்வளவு பெரியவன் பார் என்ற மிரட்டல் அது. அந்த நேரத்தில் முதுகைக் காட்டி ஓடக்கூடாது. கண்ணை அதன் மேலேயே வைத்து அடி அடியாகப் பின்னால் நகர்ந்தோம், ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் போய் நின்றோம். அதற்கு அவசரமே இல்லை. இரண்டு வாய் மேய்ந்துவிட்டுத்தான் இறங்கிப் போனது. வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தால், அன்றைக்கு இதயத்துடிப்பு உச்சத்துக்குப் போனது மேட்டில் இல்லை, அந்தப் பாறைக்குப் பின்னால் சும்மா நின்றபோதுதான்!

சிங்கம்புணரியிலிருந்து:

தம்பி, மாட்டுக்கு நின்றது சரி. மலைத்தேனீக்கு நின்றால் தீர்ந்தது கதை.

பாரியின் பறம்பு இதுதான் என்பார்கள். உழவர் உழாமலே கிடைக்கும் நான்கு பொருள்களைக் கபிலர் சொல்லும்போது மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, அப்புறம் தேன் என்றுதான் பாடினார். மற்றதை விடுங்கள், தேன் இன்றும் இருக்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில் அடை அடையாகத் தொங்கும். புகை பட்டாலோ யாராவது கல்லெறிந்தாலோ கலைந்துவிடும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கழுத்தில் உட்கார்ந்த ஒன்றைத் தட்டி நசுக்கினார். கொட்டிய இடத்திலிருந்து கிளம்பும் வாசனையே மற்றதையெல்லாம் கூப்பிட்டுவிடும். துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, நிற்காமல் ஓடித்தான் தப்பித்தோம். ஊருணி கண்ணில் பட்டாலும் குதிக்காதீர்கள், தலை வெளியே வரும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மூச்சு வாங்கினாலோ, நிறைய கொட்டியிருந்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

திருப்பத்தூரிலிருந்து:

அண்ணே, உங்கள் இரண்டு கதையையும் வீட்டில் படித்துக் காட்டினால் என்னை வெளியே விடமாட்டார்கள். மலைக்குப் போகாத நாளில் நான் வேட்டங்குடிக் கண்மாய்ப் பக்கம் ஓடுகிறேன். 1977-லேயே சரணாலயமான இடம். மழைக்காலம் முடிந்து போனால் நத்தைகுத்தி நாரையும் கொக்குகளும் மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

எனக்கு எதிரே வந்தது விலங்கு இல்லை, கொள்ளுகுடிப்பட்டிப் பெரியவர் ஒருவர். செல்போனில் பாட்டை ஒலிக்க விட்டு ஓடிக்கொண்டிருந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "பாட்டை அமத்தும்மா, குஞ்சு பொரிச்சிருக்கு." அவ்வளவுதான், கோபமெல்லாம் இல்லை. பறவைக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊர் அது, என் பாட்டுக்கு மட்டும் சலுகை கேட்க முடியுமா? இப்போது போன் பைக்குள்தான். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், கரையோர மரத்தடியில் தொப்பி இல்லாமல் ஓடாதீர்கள்.