ஆண்டு மலரில் அந்தத் தீயும் இருக்கட்டும்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் ஆண்டு மலரில், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயைப் பற்றி எதுவும் போட வேண்டாம், இறந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லை, ஊருக்குத்தான் கெட்ட பெயர் என்று போன வாரம் ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அவர் வருத்தம் புரிகிறது. இங்கே ஷார்ஜாவில் என்னிடமும் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "அந்தத் தீப்பிடிச்ச இடமா?" என்றுதான் கேட்கிறார்கள். ஆனாலும் போட வேண்டும் என்பேன்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து மலையேற வந்த பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். மாசிக் கடைசியில் நம் மலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆள் உயரப் புல் சருகாக நிற்கும். காற்றோடு சரிவில் ஏறி வரும் தீக்கு முன்னால் யாராலும் ஓட முடியாது. தப்பிக்கப் பார்த்துப் பள்ளத்தில் விழுந்தவர்கள் பலர். 9 பேர் மலையிலேயே போய்விட்டார்கள். அப்புறம் ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவராக, மொத்தம் 20 பேருக்கு மேல்.

டிவியில் விமானப்படை ஹெலிகாப்டரைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவர்களும் பாடுபட்டார்கள்தான். ஆனால் முதலில் ஏறியது நம் ஊர் ஆட்களும் எஸ்டேட் ஆட்களும். என் சித்தப்பா அதில் ஒருவர். தீப்புண்ணோடு கிடப்பவரைக் கையில் தூக்க முடியாது, எங்கே தொட்டாலும் துடித்துப்போவார்கள். அதனால் கம்பில் போர்வையைத் தொட்டில் மாதிரிக் கட்டி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தோள் கொடுத்து இருட்டில் இறக்கியிருக்கிறார்கள். கால் வழுக்கினால் தொட்டில் குலுங்கும் என்று, பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தார்களாம். தொட்டிலில் இருந்த பெண் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தது என்பதற்கு மேல் சித்தப்பா எதுவும் சொல்லமாட்டார். வீட்டில் இருந்த நாலு போர்வையும் அன்றைக்கே மலைக்குப் போய்விட்டன. அந்த வாரம் பிள்ளைகள் சித்தியின் சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள்.

மழை விழுந்ததும் புல் பச்சை கட்டிவிட்டது. மாசியில் எங்காவது புகை தெரிந்தால் சித்தப்பாவுக்கு இன்னும் தூக்கம் கிடையாது, திண்ணையில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மலையேற்றம் நின்றதில் ஜீப் ஓட்டியவர்களும் டீக்கடைக்காரர்களும் பட்ட பாடு தனிக்கதை. 2018-லேயே புது விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தபோது குரங்கணி–சாம்பலாறும் அதில் இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளே வழிகாட்டியாகக் கூட வருகிறார்கள், தீக்காலத்தில் பாதையை மூடிவிடுகிறார்கள். இது அன்றைக்கே இருந்திருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

சரி, என் யோசனை இதுதான். மலரில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். சித்திரையில் ஊருக்குப் போகிறேன். அன்று தோள் கொடுத்தவர்கள் சம்மதித்தால் அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்து வருகிறேன். வயதானவர்கள் இருக்கிறார்கள், தள்ளிப்போட வேண்டாம். அன்று ராத்திரி ஊரிலிருந்து உங்களுக்குப் போன் வந்திருந்தால், என்ன சொன்னார்கள் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள்.

காயம்பட்டவர்களின் படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அவர்கள் வீட்டிலும் யாராவது இந்த மலரைப் புரட்டக்கூடும்.