பிரிவு 185, இரண்டாவது முறை தண்டனை: அப்பீலில் எதைப் பிடிப்பது?

கேள்வி:
மோட்டார் வாகனச் சட்டம் 185-ல் (குடித்துவிட்டு வண்டி ஓட்டியது) கட்சிக்காரருக்கு இது இரண்டாவது வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் விசாரணை நடந்து தீர்ப்பு வந்திருக்கிறது: ஒரு மாதம் சாதாரணச் சிறை, 15,000 ரூபாய் அபராதம், ஓராண்டு உரிமத் தகுதியிழப்பு. ப்ரீத் அனலைசர் சீட்டில் 86. முந்தைய குற்றத்துக்கு அரசுத் தரப்பு காட்டியது பழைய இ-சலான் பிரின்ட் மட்டும். மாஜிஸ்திரேட் தண்டனையை 30 நாள் நிறுத்தி வைத்திருக்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது சார்?

பதில் 1:
அந்த பிரின்டிலிருந்துதான். சலான் போட்டது தண்டனை ஆகாது. முந்தைய தீர்ப்பின் சான்றிட்ட நகலும், அதில் இருப்பவர் இவரேதான் என்பதற்குச் சாட்சியமும் வேண்டும். அது இல்லையென்றால் முதல் குற்றத்துக்கான வரம்புதான்: 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 அபராதம், அல்லது இரண்டும். ஒரு மாதச் சிறை அந்த வரம்புக்குள் அடங்கிவிடும், 15,000 அடங்காது. ஆக, அபராதம் சட்டப்படியே நிற்காது. ‘முந்தைய குற்றம் நடந்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது’ என்ற பழைய வாதத்தை மட்டும் எடுக்காதீர்கள், 2019 திருத்தத்தில் அந்த வரி போய்விட்டது. இன்னொன்று, அப்பீலில் கூடுதல் சாட்சியம் கேட்டு அரசுத் தரப்பு அந்தத் தீர்ப்பு நகலைக் கொண்டுவரப் பார்க்கலாம். எதிர்ப்புக்குத் தயாராக இருங்கள்.

பதில் 2:
கணக்கு தவறுவது நாளில்தான். செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போட 30 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாள் அதில் கழியும். ஆனால் மாஜிஸ்திரேட் கொடுத்த நிறுத்திவைப்புக்கு அந்தக் கழிவு கிடையாது! 29-ம் நாள் தாக்கல் செய்து, கோர்ட் அலுவலகம் குறை சொல்லி ரிட்டர்ன் செய்து, மறுபடி கொடுத்து வழக்கு நம்பர் ஆவதற்குள் நிறுத்திவைப்பு முடிந்து பிடிவாரண்ட் வந்துவிடும். இரண்டாவது வாரத்துக்குள் அப்பீலும், அது முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 430 மனுவும் சேர்ந்தே போகட்டும். அபராதம் கட்டிய ரசீதையும் இணையுங்கள்.

பதில் 3:
86-ஐ உடைக்க முடியுமா என்பது குறுக்கு விசாரணையைப் பொறுத்தது. வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். சீட்டில் கருவியின் வரிசை எண், ஊதுவதற்கு முன் எடுத்த பூஜ்ய அளவு, நேரம் எல்லாம் இருக்கிறதா? சீட்டின் நேரமும் அறிக்கையின் நேரமும் ஒத்துப்போகிறதா? கருவியின் அளவுத்திருத்தச் சான்று குறியீடு (கோர்ட்டில் சான்றாவணமாக எண்ணிடுவது) ஆகியிருக்கிறதா? இதையெல்லாம் கீழ்க்கோர்ட்டில் எஸ்.ஐ.யிடம் கேட்காமல் அப்பீலில் முதல்முறையாகக் கிளப்பினால் எடுபடுவது கடினம். கேட்டிருந்தால் சாட்சியத்தின் பக்க எண்ணோடு அப்பீலில் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சான்று குறியீடு ஆகவில்லை, அதைக் கேட்டும் இருக்கிறோம். 430 உத்தரவு வந்ததும் அவர் வண்டி ஓட்டலாமா?

பதில் 2:
கூடாது. சிறையை நிறுத்திவைத்தால் தகுதியிழப்பும் தானாக நின்றுவிடும் என்று நம்பக்கூடாது. அதற்கு அதே நாளில் தனி மனு போடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 20-லேயே அப்பீல் கோர்ட்டுக்கு அதை மாற்றவும் ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. 185-ல் தண்டனை என்றால் குறைந்தது 6 மாதம் தகுதியிழப்பு கட்டாயம். அதனால் குற்றத்தீர்ப்பு அப்பீலில் உறுதியானாலும் ஓராண்டை ஆறு மாதமாக்கும் மாற்றுக் கோரிக்கையை இப்போதே சேர்த்துவிடுங்கள். இடையில் ஓட்டிச் சிக்கினால், தகுதியிழந்தவர் ஓட்டியதற்காக 182-ல் தனி வழக்கு.

பதில் 1:
கட்சிக்காரர் தயங்கினால் ஒன்று சொல்லுங்கள்: அவர் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. அரசு தனியாகக் கேட்டால்தான்.