போதகருக்கு உரிமம் இல்லை. சபையில் எடுக்கும் கல்யாண வாக்கு செல்லுமா?

நெல்லை விசுவாசி:
மணமக்கள் இருவரும் கிறிஸ்தவர்கள். சுயாதீன சபையில் கல்யாணம். போதகருக்கு அரசு உரிமம் கிடையாது. "தேவ சமுகத்தில் சொல்கிற வாக்குக்கு அரசாங்கம் எதற்கு? அப்புறம் பதிந்துகொள்ளலாம்" என்கிறார்கள். சரிதானா?

சட்டம் படித்தவன்:
சரியில்லை. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, 5ஆம் பிரிவு சொல்லும் ஆட்கள் நடத்தி வைக்காத கல்யாணம் செல்லாது. அதிகாரமில்லாமல் நடத்தி வைப்பவருக்கு 68ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவதும் கட்டாயம்தான். ஆனால் அது நடந்த கல்யாணத்தைக் குறித்து வைப்பது, செல்லாததைச் செல்லுபடியாக்காது.

உரிமம் உள்ள வேறு போதகரை அழையுங்கள். அவருடைய உரிமத்தின் நகலை வாங்கி, எந்தப் பிரிவில் கொடுத்தது என்று பாருங்கள். 9ஆம் பிரிவு உரிமம் என்றால் இருவருமே இந்தியக் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டும். அப்போது அவரைத் தவிர 2 சாட்சிகள் முன்னால், "சர்வவல்லமையுள்ள தேவனுடைய சமுகத்தில், கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், உன்னைச் சட்டப்படியான மனைவியாக (அல்லது கணவனாக) ஏற்கிறேன், இங்குள்ளவர்கள் சாட்சி" என்ற பொருளில் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் (60ஆம் பிரிவு). சொந்தமாக அழகாக வாக்கு எழுதுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இதை விட்டுவிடாதீர்கள். தேவ நாமத்தைச் சட்டமே கேட்கும்போது வாக்கு வேறு, அரசு வேறு என்று எப்படிப் பிரிப்பது?

பழைய ஓலை:
சாட்சி கேட்பது அரசு கண்டுபிடித்ததல்ல. கத்தோலிக்கப் போதனையில் மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது. அப்படியிருந்தும் ரகசியக் கல்யாணங்களைத் தடுக்க 1563இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் குருவையும் சாட்சிகளையும் கட்டாயமாக்கியது. கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோவிலில் மூன்று முறை வாசிப்பதும் அதற்குத்தான்: தடை தெரிந்தவர் வந்து சொல்லட்டும் என்று. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி லூத்தரோ திருமணத்தை உலகக் காரியம் என்றே சொல்லி, அதில் அரசுக்கு இடம் கொடுத்தார். தேவனுக்கு முன் சொன்ன வாக்கைப் பின்னால் ஒருவர் மறுத்தால், கைவிடப்பட்டவர் எங்கே போய் நிற்பார்? எனக்கு அதுதான் பெரிய கவலை.

நெல்லை விசுவாசி:
இதே சபையில் ஏற்கெனவே முடித்தவர்கள்?

சட்டம் படித்தவன்:
1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் பதியலாம். சடங்கு நடந்து, அன்றிலிருந்து சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவருக்கும் 21 வயது நிறைந்து, அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். 30 நாள் அறிவிப்பு, 3 சாட்சிகள். பதிந்த நாளிலிருந்து அந்தச் சட்டப்படியான திருமணம். சடங்குக்குப் பின், பதிவதற்கு முன்பு பிறந்த குழந்தைகளும் சட்டப்படியான பிள்ளைகளே.

பழைய ஓலை:
இருவரில் ஒருவர் கத்தோலிக்கர் என்றால் அந்தப் பதிவு திருச்சபைக்குப் போதாது. பங்குத்தந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள்.