வென்ட்ரூ டெக்: கை அடைபட்டு நிற்கிறது, எதை வெட்டுவது?

உப்புவெளியான்:

வணக்கம். வாம்பயர்: தி எடர்னல் ஸ்ட்ரகிள் என்ற சீட்டு விளையாட்டை விளையாடுகிறவர்கள் யாராவது இந்த டெக்கைப் (சீட்டுக் கட்டை) பார்த்துச் சொல்லுங்கள். திருகோணமலையில் நாங்கள் நாலு பேர் ஒரு மேசை. சனிக்கிழமை பின்னேரங்களில் உப்புவெளியில் ஒரு வீட்டில் கூடுவோம். டிசம்பர் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து இன்னொருவர் வந்தால் ஐந்தாவது கதிரையும் நிரம்பும். அப்போது போட்டி விதிப்படி 2 மணி நேரம் வைத்து விளையாடுவதாகப் பேச்சு. அதற்குள் இந்த டெக் ஒரு வழிக்கு வர வேண்டும்.

குலம் வென்ட்ரூ. கிரிப்ட்டில் (வாம்பயர் கட்டு) 12 பேர், பன்னிரண்டும் வேறு வேறு வாம்பயர், கொள்ளளவு (வெளியே கொண்டுவர வேண்டிய இரத்த அளவு) 8 முதல் 10 வரை, பாதிக்கு மேல் 9. குரூப் எண் சரி, அடுத்தடுத்த இரண்டு குரூப்புக்குள்தான் இருக்கிறது. லைப்ரரி (மற்றக் கார்டுகளின் கட்டு) 90: மாஸ்டர் 24, கவர்ன் தி அன்அலைன்ட் 6, எதிராளியின் உயிர்ப்புள்ளியைக் குறைக்கும் அடியை (பிளீட்) கூட்டுகிற கண்டிஷனிங் 8, அரசியல் கார்ட் 10, வாக்குக் கூட்டுகிற பிரசன்ஸ் கார்ட் 8, வேலை செய்து முடித்த வாம்பயரை மீண்டும் எழுப்புகிற ஃப்ரீக் டிரைவ் 8, பிளீட்டை வேறொருவர் மேல் திருப்புகிற டிஃப்ளெக்ஷன் 4, அடுத்தவர் முறையில் எழும்பி எதிர்வினை செய்ய வைக்கிற வேக் கார்ட் 2, அடியைத் தாங்குகிற ஃபோர்டிட்யூட் கார்ட் 12, ஆயுதம் உபகரணம் 8.

நடப்பது இதுதான். இரண்டு பெரிய வாம்பயர் வெளியே வரும்போது என் பூல் (30 இல் தொடங்கும் உயிர்ப்புள்ளி, தீர்ந்தால் வெளியேற்றம்) 10, 11 என்று கிடக்கும். கையில் மூன்று மாஸ்டர், இரண்டு தாங்கு கார்ட், ஒரு கவர்ன் என்று அசையாமல் இருக்கும். வலப்பக்கத்தில் மல்கேவியன் ஆள் மறைந்து மறைந்து பிளீட் பண்ணி என்னை முதலில் வெளியேற்றிவிடுவார். இடப்பக்கத்து நொஸ்ஃபெராட்டு ரேவன் ஸ்பை என்ற தடுப்புக் கார்டை வைத்துக்கொண்டு என் ஆக்‌ஷனை எல்லாம் தடுப்பார். வாம்பயர் ஒவ்வொன்றும் பலமானது, ஆனால் டெக்காகச் சேர்ந்தால் ஓடுதே இல்லை. கண்டிஷனிங் இன்னும் கூட்ட வேண்டுமா?

பழைய_ஜிஹாத்:

தம்பி, கண்டிஷனிங்கைக் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டும். இந்த விளையாட்டு 1994 இல் ஜிஹாத் என்ற பெயரில் வந்த காலத்திலிருந்து மாறாத விதி ஒன்று: ஒரு கார்டைப் போட்டதும் உடனே அடுத்ததை எடுப்பீர்கள். கையில் எப்போதும் 7. ஆகவே போட முடியாத கார்ட் சும்மா இருப்பதில்லை, உங்களுக்கு வரவேண்டிய அடுத்த கார்டின் வழியை அடைத்துக்கொண்டு இருக்கிறது. ஒவ்வொரு கார்டையும் எடுத்து, "இது என் கையை விட்டு எப்படிப் போகும்? யாருடைய தயவு வேண்டும்?" என்று கேளுங்கள்.

மாஸ்டர் 24 என்றால் தொடக்கக் கையில் கிட்டத்தட்ட 2 வரும். ஒரு முறைக்கு ஒரு மாஸ்டர்தான் போடலாம், ட்ரைஃபிள் என்று குறித்த மாஸ்டர் என்றால் கூட ஒன்று. பிறகும் நாலு கார்டுக்கு ஒன்றாக மாஸ்டர் வந்துகொண்டே இருக்கும். தாங்கு கார்ட் 12 இன்னும் மோசம். யாராவது உங்களோடு சண்டைக்கு வந்தால்தான் அது போகும். மல்கேவியன் சண்டைக்கே வரமாட்டார், அவருக்கு உங்கள் பூல்தான் வேண்டும்.

இனி கவர்ன். நீங்கள் கேட்காததை நான் சொல்கிறேன், உங்கள் டெக்கின் பெரிய நோய் இங்கேதான். கவர்னை டொமினேட் என்ற சக்தியின் மேல்நிலையில் போட்டால் வங்கியிலிருந்து 3 இரத்தம், இன்னும் வெளியே வராத இளைய வாம்பயர் ஒருவருக்குப் போகும். இளையவர் என்றால் கொள்ளளவு குறைந்தவர். 9 இருக்கும் வாம்பயர் இன்னொரு 9 க்கு இதைச் செய்யவே முடியாது! உங்கள் கிரிப்ட்டில் பாதிக்கு மேல் 9. வென்ட்ரூவின் மிகச் சிறந்த கார்ட் உங்கள் கையில் பிளீட் கார்டாக மட்டும் சுருங்கிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். மூன்றாவது கதிரையில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். ட்ரான்ஸ்ஃபர் (பூலிலிருந்து வாம்பயர் மேல் மாற்றுவது) முதல் முறை 3, பிறகு 4, 4, 4, 4. இரண்டு 9 க்கு 18 வேண்டும், ஐந்தாவது முறையில்தான் இரண்டாமவர் வருவார், பூலில் 12 மிச்சம். இதே இடத்தில் ஒரு 9 உம் ஒரு 6 உம் என்றால், மூன்றாவது முறையில் 9 வெளியே வந்துவிடும், மிச்ச 2 ஐ 6 மேல் வைப்பீர்கள். நான்காவது முறை கவர்ன், 3 சேர்ந்து 5 ஆகும். உங்கள் ட்ரான்ஸ்ஃபரில் 1 போட்டால் அவரும் வெளியே. செலவு 12, பூலில் 18 மிச்சம், ஒரு முறை முந்தியும் வந்தாயிற்று. மிச்சமிருக்கும் 3 ட்ரான்ஸ்ஃபரை மூன்றாமவர் மேல் வைக்கத் தொடங்கலாம். உங்கள் பிரிடேட்டர் (உங்களை அடிக்கிற வலப்பக்கத்து ஆள்) பிளீட் பண்ணியதை இதில் நான் கழிக்கவில்லை, அது இரண்டு பக்கமும் பொது.

உப்புவெளியான்:

அண்ணா, இளையவர் என்பதைக் கொள்ளளவோடு சேர்த்து நான் யோசிக்கவே இல்லை, நன்றி. அப்படியென்றால் முக்கியமான 9 ஒருவரையே நாலு கொப்பி வைத்து, மிச்சத்தை 4 முதல் 6 வரை வைக்கலாமா? ஒரே கார்டை எத்தனை என்றாலும் வைக்கலாம் என்று விதியில் இருக்கிறதே.

மூதூராள்:

வைக்கலாம், ஆனால் நாலு அதிகம். தொடக்கத்தில் கிரிப்ட்டிலிருந்து 4 கார்ட் வரும். 12 இல் 4 கொப்பி இருந்தால் ஒன்றாவது வருவதற்கு 86 சதவீதம் வாய்ப்பு, அது நல்லதுதான். ஆனால் இரண்டோ அதற்கு மேலோ வருவதற்கும் 41 சதவீதம். அதே ஆள் வெளியே இருக்கும்போது இரண்டாவது கொப்பி செத்த இடம். வேறு ஒருவரை எடுக்க 4 ட்ரான்ஸ்ஃபரும் 1 பூலும் போகும், அதாவது ஒரு முழு முறை. 3 கொப்பி என்றால் 75 சதவீதமும் 24 சதவீதமும். நான் 3 தான் வைப்பேன். இரண்டாவது பெரியவராக 8 ஒருவரை 2 கொப்பி வையுங்கள், இருவரும் பிரின்ஸ் பட்டம் உள்ளவர்களாக இருந்தால் ஆளுக்கு 2 வாக்கு. மிச்ச 7 இடமும் இளையவர்களுக்கு. அவர்களில் முடிந்தளவு டொமினேட் உள்ளவர்களாகப் பாருங்கள், ஏனென்றால் டிஃப்ளெக்ஷன் போடப் போவது அவர்கள்தான்.

அதைத்தான் எழுத வந்தேன். பழைய_ஜிஹாத் அண்ணா வேகத்தைப் பற்றிச் சொன்னார். தம்பி செத்துப்போவது வேகத்தால் மட்டும் இல்லை, டிஃப்ளெக்ஷன் 4, வேக் 2 என்ற கணக்கால். 90 இல் 4 என்றால் தொடக்கக் கையில் ஒன்று இருக்க 28 சதவீதம்தான் வாய்ப்பு. லைப்ரரியை 80 க்கு இறக்கி 8 வைத்தால் 54. மல்கேவியனின் மறைவை வென்ட்ரூவால் தடுக்க முடியாது, அதற்கான டிசிப்ளினே (சக்தி) குலத்தில் இல்லை. தடுக்கப் பார்க்காதீர்கள், திருப்புங்கள்.

திருப்பினால் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். அவர் 5, 6 என்று கட்டி அனுப்புகிற பிளீட் உங்கள் இடப்பக்கத்து நொஸ்ஃபெராட்டு மேல் விழும். அவர் அதில் வெளியேறினால் வெற்றிப் புள்ளி மல்கேவியனுக்கு இல்லை. வெளியேறியவரின் பிரிடேட்டர் நீங்கள், புள்ளியும் 6 பூலும் உங்களுக்கு. வென்ட்ரூ விளையாடுகிறவரின் பாதிப் பலம் வலப்பக்கத்து ஆளின் கையில்தான் இருக்கிறது. எனக்கு இந்தக் குலம் பிடித்ததே இதனால்தான்.

ஆனால் வேக் இல்லாமல் டிஃப்ளெக்ஷன் வெறும் கடதாசி. உங்கள் முறையில் ஆக்‌ஷன் செய்த வாம்பயர் லொக் ஆகிவிடும், உங்கள் அடுத்த முறை வரைக்கும் எழும்பாது. பிரிடேட்டர் அடிப்பது அந்த இடைவெளியில். ஒன் த கி வீவ், வேக் வித் ஈவ்னிங்ஸ் ஃப்ரெஷ்னஸ் போன்றவை 7, 8 வேண்டும்.

லிங்கநகர்_கார்ட்:

இடையில் ஒரு சின்ன விஷயம். நீங்களும் எங்களைப் போல பிரிண்ட் எடுத்து விளையாடுகிறீர்கள் என்றால், கடதாசிக்குப் பின்னால் ஒரு பழைய சீட்டை வைத்து ஸ்லீவில் போடுங்கள். கடற்கரைப் பக்க வீடு, மாரி மழை, ஈரக் காற்று. தனிக் கடதாசி வளைந்து, எது எந்தக் கார்ட் என்று பின்பக்கத்திலேயே தெரியத் தொடங்கும். போட்டி விதிப்படி விளையாடும்போது அது சரியில்லை.

டெக் பற்றி: மூதூராள் அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் இரண்டு பேரும் நொஸ்ஃபெராட்டுவை மறந்துவிட்டீர்கள். கவர்னை மேல்நிலையில் போடுகிற ஆக்‌ஷன் ஒருவரைக் குறிவைத்தது இல்லை. அதனால் இடம் வலம் இரண்டு பக்கத்தவரும் அதைத் தடுக்கலாம். 1 ஸ்டெல்த் (மறைவு) அதற்கு இருக்கிறது, ரேவன் ஸ்பை ஒன்று இருந்தாலே அது சமன். வாக்கெடுப்புக்கும் அப்படித்தான், 1 ஸ்டெல்த். பிளீட்டுக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே சீடக்ஷன் நாலு வையுங்கள், தடுக்கிற இளைய வாம்பயரை விலக்கிவிடும். 9 கொள்ளளவுக்கு முன்னால் அநேகமாக எல்லாரும் இளையவர்தான்.

பழைய_ஜிஹாத்:

சீடக்ஷன் நல்ல யோசனை, நான் விட்டுவிட்ட இடம் அது. ஃப்ரீக் டிரைவ் 8 ஐத் தொட வேண்டாம். ஆனால் எப்படிப் பாவிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரே வாம்பயர் ஒரு முறையில் இரண்டு தடவை பிளீட் பண்ண முடியாது, எழுப்பினாலும் முடியாது. ஆகவே முதலில் வாக்கெடுப்பு, ஃப்ரீக் டிரைவால் எழும்பி, பிறகு பிளீட். வாக்கெடுப்பில் யார் தடுக்க எழும்புகிறார் என்று தெரிந்துவிடும்.

கவர்னும் கண்டிஷனிங்கும் சேர்ந்தால் 1 உம் 2 உம் 3 உம், மொத்தம் 6. அழகான அடி. அதை உங்கள் பிரே (நீங்கள் அடிக்கிற இடப்பக்கத்து ஆள்) திருப்பினால் அவருடைய பிரே மேல் விழும், அந்த ஆள் வெளியேறினால் 6 பூல் நீங்கள் கொல்ல நினைத்தவருக்கே போகும். ஆகவே பிரேயிடம் டொமினேட் இருக்கிற மேசையில் 3 ஆகவே தொடர்ந்து அடியுங்கள், கண்டிஷனிங்கைக் கடைசி அடிக்கு வையுங்கள். 5 போதும்.

உப்புவெளியான்:

இந்த வாரம் இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன். கிரிப்ட்: 9 ஒருவர் 3 கொப்பி, 8 ஒருவர் 2 கொப்பி, 4 முதல் 6 வரை ஏழு பேர். லைப்ரரி 80: மாஸ்டர் 15, கவர்ன் 8, கண்டிஷனிங் 5, டிஃப்ளெக்ஷன் 8, வேக் 8, அரசியல் 10, வாக்குக் கூட்டுவது 8, ஃப்ரீக் டிரைவ் 8, சீடக்ஷன் 4, தாங்கு 3, உபகரணம் 3.

இரண்டு சந்தேகம். மாஸ்டர் 15 இல் பூலை மீட்கிற கார்ட் எத்தனை இருக்க வேண்டும்? அரசியலில் கைன் ரிசோர்சஸ் கொன்டெஸ்டட் நாலு வைத்திருக்கிறேன், நாலு பேர் மேசையில் அது யாருக்குப் போக வேண்டும்?

மூதூராள்:

15 இல் பாதியாவது பூலுக்கு. வாம்பயர் மேலுள்ள இரத்தத்தைப் பூலுக்கு இறக்குகிற பிளட் டோல், வில்லேன் மாதிரி. நீங்கள் பெரியவர் மேல் போட்ட 9 காணாமல் போன காசு இல்லை, வங்கியில் போட்டு வைத்த காசு. வில்லேன் ஒன்று விழுந்தால் 5 வரை திரும்ப எடுக்கலாம். அந்த ஆள் பிறகு ஹன்ட் பண்ணி நிரப்பிக்கொள்வார், அல்லது வாக்கு வென்றபின் வோட்டர் கேப்டிவேஷன் போடலாம். அதில் இரண்டை உங்கள் 8 வாக்குக் கார்டுக்குள் சேருங்கள்.

கைன் ரிசோர்சஸில் 4 பூல் இழப்பை இரண்டு பேருக்காவது பிரிக்க வேண்டும். 3 ஐ உங்கள் பிரேக்கு வையுங்கள், மற்ற 1 பிரிடேட்டருக்கு. எதிர்க்கதிரையைத் தொடாதீர்கள். நாலு பேர் மேசையில் எதிரே இருப்பவர் உங்கள் பிரேயின் பிரே, அதே நேரம் உங்கள் பிரிடேட்டரின் பிரிடேட்டர். மல்கேவியனைப் பின்னாலிருந்து அடிக்கப் போகிற ஒரே ஆள் அவர்தான், அவர் உயிரோடு இருக்க வேண்டும். வாக்கெடுப்பில் அவருடைய ஆதரவைக் கேட்டு வாங்குங்கள், வாய் திறந்து கேட்டால் அநேகமாகத் தருவார்கள். ஐந்து பேர் மேசையில் இது மாறும், பிரேயின் பிரேயும் பிரிடேட்டரின் பிரிடேட்டரும் தனித்தனி ஆட்கள்.

லிங்கநகர்_கார்ட்:

2 மணி நேரக் கணக்கையும் மனதில் வையுங்கள். நேரம் முடிந்தால் உயிரோடு இருக்கிற ஒவ்வொருவருக்கும் அரைப் புள்ளி மட்டும். கேம் வின் வேண்டுமென்றால் குறைந்தது 2 புள்ளி வேண்டும், மற்ற எவரையும் விடக் கூடவும் இருக்க வேண்டும். முதல் வெளியேற்றம் ஒரு மணி நேரத்துக்குள் நடக்கவில்லை என்றால் இந்த டெக்குக்கு இரண்டாவது கிடைப்பது கஷ்டம். கவர்னால் மூன்றாமவர் வந்ததும் காத்திராமல் அடிக்கத் தொடங்குங்கள்.

உப்புவெளியான்:

விளங்குது. கடைசியாக ஒன்று: தாங்கு கார்ட் 3 ஐயும் எடுத்துவிட்டு டிஃப்ளெக்ஷனை 11 ஆக்கினால்? எங்கள் மேசையில் சண்டைக் குலம் யாரும் இல்லை.

பழைய_ஜிஹாத்:

சனிக்கிழமை மேசைக்கு என்றால் எடுங்கள். டிசம்பருக்கு என்றால் வேண்டாம். போட்டி விதியில் பக்க டெக் கிடையாது, சுற்றுக்குச் சுற்று கதிரை மாறும், டெக்கை மாற்ற முடியாது. கொழும்பிலிருந்து வருகிறவர் எந்தக் குலத்தோடு வருவார் என்று உங்களுக்குத் தெரியுமா? சண்டைக் குலமான புரூஹாவோடு வந்து வலப்பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த 3 உம் வேண்டும். வேக் கார்டையும் 8 க்குக் கீழே இறக்காதீர்கள்.