'நுரையீரல் தமனிக் கட்டி' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். நுரையீரலுக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியின் உள்ளடுக்கில் தோன்றும் புற்றுக்கு (pulmonary artery intimal sarcoma) நாம் தமிழ்ச்சொல் தேடிவருகையில் குழுவில் ஒருவர் எழுதியது:

> 'நுரையீரல் தமனிக் கட்டி' என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா, ஆனால் இந்த இடத்தில் அதுவே காலை வாரிவிடும். உறைந்த குருதியையும் 'இரத்தக் கட்டி' என்கிறோம், பெருகி வளரும் திசுவையும் 'கட்டி' என்கிறோம். இந்நோயின் வில்லங்கமே அந்த மயக்கம்தான். 1923இல் மருத்துவர் மாண்டல்ஷ்டாம் பிணக்கூறாய்வில் கண்டு விவரித்த இந்த அரிய நோய், இன்றும் பெரும்பாலும் தக்கையடைப்பு (உறைந்த குருதி தமனியை அடைப்பது) என்றே முதலில் கருதப்படுகிறது. உறைவெதிர்ப்பு மருந்து கொடுத்தும் மூச்சிரைப்பு குறையாதபோதுதான் ஐயம் எழுகிறது. சிடி படத்தில் அடைப்பு தமனித் தண்டின் முழு அகலத்தையும் நிரப்பிச் சுவரையும் விழுங்கியிருந்தால், திசுக்கள் சர்க்கரையை உறிஞ்சும் அளவைக் காட்டும் பெட் (PET) படத்தில் அது ஒளிர்ந்தால், உறைகட்டியாக இருக்க வாய்ப்புக் குறைவு. மருத்துவரை ஏமாற்றும் மயக்கத்தைச் சொல்லிலும் வைக்க வேண்டுமா?

'நுரையீரல் தமனிப் புற்று' என்றால் வாசகர் நடுச்சொல்லை விழுங்கிவிட்டு நுரையீரல் புற்றென்றே படிப்பார். தமனியின் உட்புற அடுக்கில் தோன்றுவதால் 'அகவுறை' என்ற பரிந்துரையும் வந்தது. அழகான சொல், ஆனால் 'உறை' என்றதும் உறைவு நினைவுக்கு வந்து, தப்பிய குழியிலேயே மறுபடி விழுகிறோம். ஆகவே என் பரிந்துரை 'நுரையீரல் தமனி உள்ளடுக்குச் சார்கோமா'. சார்கோமாவை இப்போதைக்கு அப்படியே விடுவோம், 'இணைப்புத்திசுப் புற்று' என விரித்தால் சொல் தொடராகிவிடும். இலங்கை நண்பர்கள் தமனியை 'நாடி' என்பார்கள், இங்கே அது துடிப்பைக் குறிக்கும் என்பதால் தமனியையே கொள்கிறேன்.

இந்நோய்க்குச் செய்யும் அறுவை முறைக்கு (endarterectomy) 'அகற்றல்' என்ற சொல் போதாது. மார்பெலும்பைப் பிளந்து, இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, உடலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்து, ஒரு தடவைக்குச் சுமார் 20 நிமிடம் குருதியோட்டத்தையே நிறுத்திவைத்து, தமனிச் சுவரின் அடுக்குகளுக்கிடையே நுழைந்து கிளைகிளையாக உரித்தெடுக்கிறார்கள். வெளியே வருவது பாம்புச் சட்டைபோல் கிளைகளின் வடிவத்தோடு வரும். அதனால் 'உள்ளடுக்கு உரிப்பு'. சுவரையே வெட்டி ஒட்டுத்துண்டு வைத்துத் தைப்பதும், சில வேளை ஒருபக்க நுரையீரலை எடுப்பதும் வேறு அறுவைகள், அவற்றை இச்சொல்லில் அடக்க வேண்டாம்.

புணர்ச்சிப்படி 'உள்ளடுக்குரிப்பு' என்றுதான் வரும். ஆனால் 'ரிப்பு' என்ன என்று எவராவது கேட்பார்கள், எனவே அச்சில் பிரித்தே எழுதலாம் என்பது என் எண்ணம். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.