கோஸி மிஸ்டரி: பக்கத்து வீட்டுப் பாட்டி துப்பறிவதை எப்படி நம்புவது?

பேனாக்கத்தி:
கோஸி மிஸ்டரி தொடர்கள், அதாவது ரத்தம் தெறிக்காமல் சாதாரண ஆட்கள் துப்பறியும் மர்மக் கதைகள், எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. சின்ன ஊர், ஒரு கொலை. உடனே நூலகரோ ஓய்வுபெற்ற ஆசிரியையோ துப்பறியக் கிளம்பிவிடுவார். போலீஸ் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். ‘மர்டர், ஷி ரோட்’ டிவி தொடர் 1984 முதல் 1996 வரை 264 எபிசோட் ஓடியது. அதில் துப்பறியும் ஜெசிகா ஃப்ளெட்சரின் ஊரான கேபட் கோவ் கடலோரச் சிற்றூர். அங்கே விழுந்த பிணங்களுக்கு ஊரே காலியாகியிருக்க வேண்டாமா?

நூலாம்படை:
264-உம் கேபட் கோவில் நடக்கவில்லை, நிறைய வெளியூர்க் கதைகள். அகதா கிறிஸ்டி இன்னும் சாமர்த்தியசாலி. அவருடைய துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் வரும் நாவல்கள் மொத்தமே 12, அதுவும் 1930 முதல் 1976 வரை பரவிக் கிடக்கின்றன. சொந்த ஊரான செயின்ட் மேரி மீடில் நடப்பவை சிலதான். மற்றபடி பாட்டி கரீபியத் தீவுக்கு ஓய்வெடுக்கப் போவார், லண்டன் ஹோட்டலில் தங்குவார், கொலை அங்கே நடக்கும்.

பேனாக்கத்தி:
அது இன்னும் மோசம். போகிற இடமெல்லாம் பிணம் விழுந்தால் முதலில் பாட்டியைத்தானே பிடித்து விசாரிக்க வேண்டும்!

கடைசிப்பக்கம்:
😄 அதை விடுங்கள். போலீஸைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிறவர்கள், மூலையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் கிழவியைக் கண்டுகொள்வதே இல்லை. அவர் காதில் எல்லாம் விழும். சந்தேகப்படும் ஆளைப் பார்த்ததும், அதே குணமுள்ள இன்னொருவரைத் தன் ஊரிலிருந்து ஞாபகப்படுத்திக்கொள்வார் மார்ப்பிள். வம்புப் பேச்சுதான் அவருக்குத் தடயம். 1910இல் அறிமுகமான செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுனும் அப்படித்தான். நாள் முழுக்க மனிதர்களின் பாவங்களைக் கேட்கும் பாதிரியாருக்குக் குற்றவாளியின் மனசு தெரியாதா?

பேனாக்கத்தி:
பாதிரியாரை ஒப்புக்கொள்கிறேன், அது தொழில் கொடுத்த அறிவு. இப்போது வரும் தொடர்களில் நாயகிக்கு ஒரு பூனை, ஒரு பொழுதுபோக்கு, போலீஸில் ஒரு காதலன். தடயமெல்லாம் அவன் வழியாக வந்துவிடும். அதைவிட எரிச்சல், செத்தவருக்காக யாரும் அழுவதில்லை. மறுநாளே ஊர்த் திருவிழா!

நூலாம்படை:
ரிச்சர்ட் ஆஸ்மனின் ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ (2020) படித்தீர்களா? முதியோர் குடியிருப்பில் நான்கு பேர், பழைய கொலை வழக்குகளைப் பொழுதுபோக்காகக் கிளறுகிறார்கள். சிரிப்புக்கு நடுவே எலிசபெத்தின் கணவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். இழப்பே இல்லை என்று அதைச் சொல்ல முடியாது.

பேனாக்கத்தி:
எலிசபெத் உளவுத்துறையில் இருந்தவர். அப்புறம் என்ன அமெச்சூர்?

கடைசிப்பக்கம்:
நல்ல பிடி. ஆனால் மார்ப்பிளுக்கும் சர் ஹென்றி கிளிதெரிங் இருக்கிறார், ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் கமிஷனர். வெளியாளை வழக்குக்குள் விட யாராவது கதவைத் திறந்தாக வேண்டும். அதை எப்படித் திறக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஒரு தொடரை எடைபோடுவேன். பாட்டியின் புத்தியைப் பல காலம் பார்த்தபிறகு கிளிதெரிங் அவரை நம்புகிறார், அது சரி. போலீஸ் காதலன் சுத்தச் சோம்பேறித்தனம்.

நூலாம்படை:
காதலன் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ஆனால் ரத்தமும் சித்திரவதையும் பக்கத்துக்கு வெளியே நடக்கட்டும், புதிர் மட்டும் கைக்கு வரட்டும் என்றுதானே கோஸி எடுக்கிறோம்?

பேனாக்கத்தி:
புதிர் மட்டும் போதுமென்றால் சுடோகு போடலாமே. கொலை எதற்கு?

கடைசிப்பக்கம்:
உங்களுக்கு மார்ப்பிள் நாவலான ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’ (1950). இன்ன வீட்டில், வெள்ளிக்கிழமை மாலை 6.30க்குக் கொலை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த நேரத்துக்கு வந்து நிற்கிறார்கள். அதில் ஒரு சாவு உங்களை நிச்சயம் உறுத்தும். யாருடையது என்று சொல்ல மாட்டேன்.

பேனாக்கத்தி:
வேடிக்கை பார்க்க வந்த அதே கூட்டம் துக்கம் விசாரிக்கவும் வருகிறதா என்று பார்க்கிறேன். வரவில்லையென்றால் மறுபடி இங்கேதான் வருவேன், சண்டைக்கு.